யாயோய் பண்பாடு: ஜப்பானின் முதல் நெல் வயல்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாயோய் பண்பாடு என்றால் என்ன?

ஜப்பானில் நீர் தேக்கிய வயலில் நெல் விளைவித்து வாழ்ந்த முதல் சமூகங்களின் பண்பாடு அது. கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் கியூஷூ தீவின் வடகரையில் தொடங்கியது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் மன்னர்களுக்கான பெரிய சமாதி மேடுகள் எழத் தொடங்கியபோது முடிந்தது. அதற்கு முன் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நிலவியதை ஜோமோன் காலம் என்கிறோம். ஜோமோன் மக்கள் வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள், காட்டுக் கொட்டைகளைச் சேர்த்து வைத்தார்கள். ஊர் அமைத்து ஓரிடத்தில் தங்கினார்கள், மிக அழகான மண்பாண்டங்களும் செய்தார்கள். நீர்வயல் மட்டும் அவர்களிடம் இல்லை.

யாயோய் காலத்தில் நெல்லோடு தறி, வெண்கலம், இரும்பு, அகழி சூழ்ந்த ஊர், உயர்த்திக் கட்டிய களஞ்சியம், செல்வத்தோடு புதைக்கப்பட்ட தலைவர்கள் எல்லாம் தோன்றின. இவற்றைத் தனித்தனியே பட்டியலிடுவது எளிது. என் பார்வையில் இவை அனைத்துக்கும் வேர் வயல்தான். ஒரு வயலை உருவாக்கப் பலருடைய உழைப்பு வேண்டும். தண்ணீரைப் பங்கிட ஓர் உடன்பாடு வேண்டும். விளைந்ததைக் காக்க ஆள் வேண்டும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வரும் பதில்கள் ஒன்றோடொன்று சேரும்.

இந்தப் பெயர் எப்படி வந்தது?

1884இல் தோக்கியோவின் ஹொங்கோ பகுதியில், யாயோய் என்ற குடியிருப்பில், ஒரு கிளிஞ்சல் மேட்டில் மெல்லிய சுவருள்ள ஒரு பானை கிடைத்தது. கயிற்று அச்சு நிறைந்த ஜோமோன் பானைகளிலிருந்து அது வேறுபட்டிருந்தது. கிடைத்த இடத்தின் பெயரே முதலில் பானைக்கும், பிறகு அந்தக் காலம் முழுவதற்கும் ஆயிற்று. அந்தப் பானை இன்றும் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் உள்ளது.

எப்போது தொடங்கியது? ஒவ்வொரு நூலும் ஒவ்வோர் ஆண்டைச் சொல்கிறதே?

பழைய பாடநூல்கள் கி.மு. 300 என்கும், சில கி.மு. 5ஆம் நூற்றாண்டு என்கும். அண்மை நூல்கள் கி.மு. 10ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகும். இந்த இடைவெளிக்கு ஒரு கதை உண்டு.

முன்பெல்லாம் பானை வகைகளை வரிசைப்படுத்தி, அவற்றோடு கிடைத்த சீன வெண்கலக் கண்ணாடிகளின் காலத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். 1996இல் முதல் அதிர்ச்சி வந்தது. ஒசாகா மாவட்டத்தின் இக்கேகாமி-சோனே ஊரில் ஒரு பெரிய கட்டடத்தின் சைப்பிரஸ் மரத் தூண்கள் மண்ணுக்குள் அழுகாமல் இருந்தன. அவற்றுள் ஒன்றின் வளையங்களை எண்ணியபோது, அந்த மரம் வெட்டப்பட்டது கி.மு. 52இல் என்று தெரிந்தது. பானை வரிசை அந்தக் கட்டடத்துக்குத் தந்திருந்த காலத்தைவிட இது சுமார் 100 ஆண்டு முந்தையது.

2003இல் இன்னும் பெரிய அதிர்ச்சி. சிபா மாவட்டம் சகுராவில் உள்ள தேசிய வரலாற்று அருங்காட்சியகம், தொடக்ககாலப் பானைகளில் ஒட்டியிருந்த கரியையும் அடிப்பிடித்த உணவையும் கதிரியக்கக் கரிம முறையில் ஆராய்ந்தது. நெல் வேளாண்மை கருதப்பட்டதைவிட ஏறத்தாழ 500 ஆண்டு முன்பே, கி.மு. 10 அல்லது 9ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது என்று அறிவித்தது. எதிர்ப்பும் உடனே வந்தது. பானையில் சமைத்தது கடல் மீனாக இருந்தால், கடலில் தங்கிய பழைய கரிமம் பானையின் காலத்தை உண்மையைவிடப் பழையதாகக் காட்டிவிடும். மேலும் கி.மு. 800க்கும் 400க்கும் இடையே, கரிம அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவுகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடப்பதால், அந்த நானூறு ஆண்டுகளுக்குள் எந்த நூற்றாண்டு என்று பிரிப்பது மிகக் கடினம். இன்று பெரும்பாலோர் கி.மு. 300ஐக் கைவிட்டுவிட்டார்கள். கி.மு. 10க்கும் 8க்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எது என்பதில்தான் வாதம் நடக்கிறது.

இந்த மாற்றம் வெறும் எண் விளையாட்டல்ல. தொடக்கம் பின்னோக்கிப் போனால், நெல் வடகியூஷூவிலிருந்து கிழக்கே பரவ எடுத்துக்கொண்ட காலமும் பல நூற்றாண்டுகளாக நீள்கிறது. சடுதியில் நடந்த படையெடுப்பு போன்ற சித்திரம் கலைந்து, தலைமுறை தலைமுறையாக நகர்ந்த ஒரு மாற்றம் தெரிய வருகிறது.

மிகப் பழைய வயல்கள் எங்கே கிடைத்தன?

இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று ஃபுக்குவோக்கா நகரின் இத்தாசுக்கே. இன்றைய விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. மற்றொன்று சாகா மாவட்டம் கராத்சுவில் உள்ள நபத்தாக்கே.

இத்தாசுக்கேயில் 1950களிலேயே அகழி சூழ்ந்த ஒரு பழைய ஊர் கண்டறியப்பட்டிருந்தது. 1978இல் அதன் ஓரத்துத் தாழ்நிலத்தில் தோண்டியபோது வயல்கள் வெளிப்பட்டன. அவற்றோடு கிடைத்த பானைகள் அதுவரை ஜோமோன் காலக் கடைசி என்று வகைப்படுத்தப்பட்டிருந்தவை. ஆகவே ஜோமோன் என்று முத்திரை குத்திய பானையைப் பயன்படுத்தியவர்களே வயலில் இறங்கியிருக்கிறார்கள். சேற்றில் அவர்களுடைய காலடித் தடங்கள்கூடப் பதிந்திருந்தன. அந்தத் தடங்களைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சற்று நேரம் வேறெதுவும் ஓடாது. வரப்போரம் கால் வழுக்கிய விதம்வரை தெரியும்.

ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது வேறொன்று. நாட்டின் மிகப் பழைய வயல்கள் என்றால், யாரோ தட்டுத் தடுமாறிச் செய்து பார்த்த முயற்சியாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இத்தாசுக்கேயில் இருந்ததோ முழுமை பெற்ற அமைப்பு. பிரதான வாய்க்கால் இருந்தது. தண்ணீரை உயர்த்தித் திருப்ப மரக் கழிகளால் தடுப்பணை கட்டியிருந்தார்கள். வயலுக்கு நீர் விடவும் வடிக்கவும் மடைகள் இருந்தன. வரப்புகள் கழியும் பலகையும் அடித்து வலுப்படுத்தப்பட்டிருந்தன. நபத்தாக்கேயிலும் வாய்க்கால், வரப்பு, கருகிய நெல்மணி, கதிர் அறுக்கும் கல் கத்தி எல்லாம் சேர்ந்தே கிடைத்தன. ஜப்பானில் முதன்முதலாகத் தோன்றும்போதே நீர்வயல் ஒரு முதிர்ந்த தொழில்நுட்பம். அதைக் கற்று வந்தவர்கள் அங்கே நின்று கட்டியிருக்க வேண்டும். விதை மட்டும் கைமாறி வந்திருந்தால் இப்படி அமைந்திருக்காது.

எப்படிப் பயிர் செய்தார்கள்? மாடு கட்டி உழுதார்களா?

இல்லை. யாயோய் உழவில் ஏர் இல்லை. 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூலும் அந்நாட்டில் மாடும் குதிரையும் இல்லை என்றே எழுதுகிறது. நிலத்தைக் கிளறியது மனிதக் கையும் மரக் கருவியும்தான். கடினமான ஓக் மரத்தில் மண்வெட்டி, தோண்டுமுள், மட்டப் பலகை செய்தார்கள். ஆழச் சேற்றில் கால் புதையாமல் இருக்கப் பலகை மிதியடி கட்டிக்கொண்டார்கள்.

அறுவடையில் அடியோடு அறுக்கவில்லை. உள்ளங்கையளவுத் தட்டைக் கல் கத்தியில் இரண்டு துளையிட்டு, கயிறு கோத்து, விரலில் மாட்டிக்கொண்டு, கதிர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கொய்தார்கள். பயிர் ஒரே நேரத்தில் முற்றாத காலத்தில் அதுவே பொருத்தமான முறை. இந்தக் கத்திகள் ஊருக்கு ஊர் செய்யப்பட்டவையும் அல்ல. வடகியூஷூவின் தத்தேயிவாவில் செய்த கத்திகள் சுற்றுப்புறமெங்கும் போயின. மரம் வெட்டும் கோடரிக்கு ஃபுக்குவோக்காவின் இமயாமா மலையின் எரிமலைக் கல் பேர் பெற்றது. கொய்த கதிர்களைக் களஞ்சியத்தில் வைத்து, வேண்டும்போது உரலில் இட்டுக் குத்தினார்கள்.

நாற்று நட்டார்களா, விதைத்துவிட்டார்களா என்பது பழைய கேள்வி. ஒக்கயாமாவின் ஹியாக்கென் ஆற்றங்கரையில், வெள்ள மணல் மூடிய யாயோய் வயல்களில் நெற்பயிரின் அடித்தடங்கள் கிடைத்தபின், குறைந்தது பிற்பகுதியிலாவது நாற்று நடவு இருந்தது என்ற கருத்து வலுத்தது.

தோரோ ஏன் இவ்வளவு புகழ் பெற்றது?

ஷிசுவோக்காவில் 1943இல் போர்த் தளவாட ஆலை கட்டத் தோண்டியபோது தோரோ என்ற யாயோய் ஊர் வெளிப்பட்டது. போர் முடிந்து 1947இல் முறையான அகழாய்வு தொடங்கியது. நகரங்கள் எரிந்து கிடந்தன, மக்களுக்குச் சாப்பாடே தட்டுப்பாடு. அந்த நிலையில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேற்றில் இறங்கினார்கள். போர்க்கால ஜப்பானியப் பள்ளிகளில் வரலாறு கடவுளர் கதையில் தொடங்கியது. தோரோவில் கண்முன் வந்ததோ சாதாரண உழவர்களின் வீடும் வயலும். ஜப்பானியத் தொல்லியல் சங்கம் 1948இல் உருவானதும் இந்த அகழாய்வின் தொடர்ச்சியாகத்தான்.

கி.பி. 1ஆம் நூற்றாண்டளவில் வெள்ளம் மூடிய அந்த ஊரில் பலகை அடித்த வரப்புகள், குடிசைகள், களஞ்சியங்கள் கிடைத்தன. களஞ்சியத் தூணின் தலையில் எலி ஏறாமல் தடுக்கும் அகலப் பலகை இருந்தது. ஜப்பானின் அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் எலும்பு சீக்கிரம் கரைந்துவிடும். ஆனால் நீர் ஊறிய சேற்றில் மரம் காற்றுப்படாமல் இரண்டாயிரம் ஆண்டு தங்கும். யாயோய் உழவரின் உடலைவிட அவர் பிடித்த மண்வெட்டி நமக்கு அதிகம் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

அரிசிதான் முழு உணவா?

இல்லை. தினையும் பருப்பு வகைகளும் பயிரானது உண்டு. ஓக் கொட்டைகளைக் குழிகளில் சேமித்தார்கள், பன்றி வளர்த்தார்கள், மானும் காட்டுப் பன்றியும் வேட்டையாடினார்கள். ஒசாகா விரிகுடாவை ஒட்டிய ஊர்களில் சிறு எண்காலி பிடிக்கக் கடலில் இறக்கிய கைப்பிடியளவு மண்கலங்கள் கிடைக்கின்றன.

புதிதாக வந்தவர்கள் யார்? ஜோமோன் மக்கள் அழிந்துபோனார்களா?

வந்தவர்கள் கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியிலிருந்து வந்தார்கள். இதற்குச் சான்று பல திசைகளிலிருந்து வருகிறது. நடுவில் நீள்வட்டக் குழியும் அதன் இருபுறம் தூண்குழியும் உள்ள வட்ட வீடு கொரியாவின் சோங்குக்-ரி ஊருக்கே உரிய அமைப்பு. அதே வீடு வடகியூஷூவிலும் கட்டப்பட்டது. வழவழப்பாகத் தேய்த்த கல் குத்துவாள், கதிர்க் கத்தி, அகழி ஊர், கல்திட்டைச் சமாதி எல்லாவற்றுக்கும் அங்கே முன்னோடி உண்டு.

யாமகுச்சியின் தோயிகஹாமா மணல்மேட்டில், கிளிஞ்சல் கலந்த மணல் காத்துவைத்த சுமார் 300 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஜோமோன் ஆண்களின் சராசரி உயரம் 158 செ.மீ. அளவு, இவர்கள் ஏறத்தாழ 163 செ.மீ., முகமும் நீண்டது. அங்கே புதைக்கப்பட்ட ஒருவரின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரை, ஜப்பானியரல்லாத இன்றைய மக்களுள் கொரியர்களே அவருக்கு மிக நெருங்கியவர்கள் என்று காட்டியது.

ஆனால் இதைக் கொண்டு, வந்தவர்கள் இருந்தவர்களை ஒழித்தார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. ஃபுக்குவோக்கா அருகே ஷின்மாச்சியில் கொரிய வகைக் கல்திட்டைக்கு அடியில் கிடந்த எலும்புகள் ஜோமோன் முகவாகு கொண்டவை. அயலார் சமாதி முறையை உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரின் தொடை எலும்பில் கல் அம்பு பாய்ந்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். கலப்பு எப்போதும் அமைதியாக நடந்ததில்லை. இன்றைய ஜப்பானியரின் மரபணுவில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று அதிகம் ஜோமோன் மக்களிடமிருந்து வந்தது. தலைமுறைகள் போகப் போக, நெல் உண்ட குடும்பங்களின் பிள்ளைப்பேறு கணக்கை மாற்றியது. ஜோமோன் இறுதியில் நாட்டில் சுமார் 75,000 பேரும் யாயோய் காலத்தில் சுமார் 6 லட்சம் பேரும் இருந்திருக்கலாம் என்பது பரவலாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு.

நாடு முழுவதும் நெல் பரவியதா?

ஹொக்கைதோவில் பரவவில்லை, அங்கே வேட்டையும் மீன்பிடியுமே தொடர்ந்தன. ஒக்கினாவாவிலும் வயல் இல்லை, ஆனால் அதன் கடற்சங்குகள் வடகியூஷூத் தலைவர்களின் கைவளையாக மாறின. வடகியூஷூவின் யோஷினொகரி ஊரில் புதைக்கப்பட்ட ஒரு பெண் 36 சங்கு வளையல் அணிந்திருந்தார்.

வியப்பு பிரதான தீவான ஹொன்ஷூவின் வடமுனையில் இருக்கிறது. குளிர் மிகுந்த ஔமோரியில் நெல் அவ்வளவு பழங்காலத்தில் விளைந்திருக்க வழியில்லை என்றே நீண்டநாள் நம்பினார்கள். 1980களில் அங்கே தரேயானகியில் 656 சிறு வயல்கள் வெளிப்பட்டன. அதைவிடப் பழைய வயல் சுனசவாவிலும் கிடைத்தது. பிறகு வெள்ளம் வந்தது, வயல்கள் கைவிடப்பட்டன, பல நூற்றாண்டுகள் அந்தப் பகுதி நெல்லை விட்டே விலகியது. வேளாண்மை ஒருமுறை வந்தால் திரும்பாது என்று நினைப்பவர்கள் தரேயானகியைப் பார்க்க வேண்டும்.

அகழிகள் எதற்கு? போர் நடந்ததா?

நடந்தது. ஜப்பானில் போர் யாயோய் காலத்தில்தான் தொடங்கியது என்று வலுவாக வாதிட்டவர் தொல்லியலாளர் சஹாரா மக்கோத்தோ. ஜோமோன் காலத்தில் வன்முறையே இல்லை என்பது மிகை. ஆனால் அகழி, காவல் கோபுரம், எலும்பில் தைத்த அம்புகள் என எல்லாம் ஒருசேர வருவது வயல் வந்த பிறகே. நல்ல தாழ்நிலமும் வாய்க்கால் நீரும் எல்லோருக்கும் போதாது. நிறைந்த களஞ்சியமோ தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

சாகாவின் யோஷினொகரி இதற்குப் பெரிய சான்று. தொழிற்பேட்டை அமைக்கும் திட்டத்துக்காக 1986இல் அகழாய்வு தொடங்கியது. 1989இல் செய்தி வெளியானதும் மக்கள் திரளாக வந்தார்கள். பேட்டைத் திட்டம் கைவிடப்பட்டு ஊர் காப்பாற்றப்பட்டது. சுமார் 40 ஹெக்டேர் பரப்பை 2.5 கி.மீ. நீள வெளி அகழி சூழ்ந்திருந்தது. உள்ளே இன்னோர் அகழி. 3,000க்கும் மேற்பட்ட தாழிச் சமாதிகள் கிடைத்தன. தலையில்லாத ஓர் எலும்புக்கூடும், பல அம்புமுனைகள் தைத்த இன்னோர் உடலும் அவற்றில் உண்டு. தலைவர்களுக்கான மேட்டில் வெண்கல வாளும் 79 நீலக் கண்ணாடிக் குழல்மணிகளும் இருந்தன.

தொத்தோரியின் அவோயா-கமிஜிச்சி இன்னும் மனத்தை உலுக்கும். கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாய்க்காலொன்றில் 100க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் குவிந்து கிடந்தன. பலவற்றில் வெட்டுக்காயம், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஈரச் சேற்றில் மூன்று மண்டையோடுகளுக்குள் மூளைகூட எஞ்சியிருந்தது.

யாயோய் காலத்து வெண்கல ஒலிமணிகள் எதற்கு?

தோத்தக்கு எனப்படும் அவை, ஒசாகா, நாரா சூழ்ந்த கிங்கி பகுதியின் அடையாளம். 500 வரை தெரியவந்துள்ளன. முதலில் சிறியவை, உள்ளே நாக்கு தொங்கவிட்டு ஒலித்தவை. பிறகு பெரிதாகி, அலங்காரம் கூடி, ஒலிப்பதற்கே தகுதியற்றுப் போயின. ஷிகாவின் யாசுவில் 1881இல் கிடைத்தது 134.7 செ.மீ. உயரம். இவை சமாதிகளில் வைக்கப்படவில்லை. ஊருக்கு வெளியே மலைச்சரிவுகளில் புதைக்கப்பட்டன. ஆகவே தனியொருவரின் சொத்தாக இராமல் ஊர்ப்பொதுவாக, வேளாண் சடங்குக்கு உரியனவாக இருந்திருக்கும் என்பதே ஏற்கத்தக்க விளக்கம். சிலவற்றில் இருவர் உலக்கை பிடித்து ஒரே உரலில் குத்தும் காட்சியும் உயர்ந்த களஞ்சியமும் கோட்டுருவாக உள்ளன.

ஷிமானேயின் கோஜின்தனியில் 1984இல் ஒரே குழியில் 358 வெண்கல வாள்கள் கிடைத்தன. அதுவரை ஜப்பான் முழுவதும் கிடைத்திருந்த அத்தகைய வாள்களின் மொத்தத்தைவிட அது அதிகம். 1996இல் சில கி.மீ. தொலைவிலுள்ள கமோ-இவாகுராவில் 39 மணிகள். புராணங்களில் மட்டும் பெரிதாகப் பேசப்பட்ட இந்த இசுமோ பகுதி தொல்லியலிலும் பெரிதாயிற்று.

எழுத்துச் சான்று ஏதும் உண்டா?

சீன நூல்களில் உண்டு. கி.பி. 57இல் ஹான் பேரரசர் குவாங்வூ, நா என்ற நாட்டின் தூதருக்கு முத்திரை அளித்தார் என்கிறது ஒரு குறிப்பு. 1784இல் ஃபுக்குவோக்காவின் ஷிக்கா தீவில் ஓர் உழவர் வாய்க்காலைச் சீர்செய்தபோது, 2.3 செ.மீ. சதுரமும் 108 கிராம் எடையும் கொண்ட தங்க முத்திரை கிடைத்தது. அதில் அந்த நாட்டரசனின் பட்டம் பொறிக்கப்பட்டுள்ளது. 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோ தொகுத்த வரலாறு, நெடும்போருக்குப்பின் ஹிமிக்கோ என்ற பெண்ணை அரசியாக்கினார்கள் என்றும், அவர் 239 அளவில் சீனாவின் வெய் அரசுக்குத் தூதனுப்பி 100 கண்ணாடிகள் பெற்றார் என்றும் சொல்கிறது. அவருடைய யாமத்தாய் நாடு கியூஷூவிலா, நாராவிலா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

தமிழர்தான் ஜப்பானுக்கு நெல் கொண்டுபோனார்கள் என்கிறார்களே?

இதன் மூலம் பேராசிரியர் ஓனோ சுசுமு (1919–2008). மதிப்புக்குரிய ஜப்பானிய மொழி அறிஞர். யாழ்ப்பாணப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோரோடு சேர்ந்து உழைத்து, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு, தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாடு கடல்வழி வந்து யாயோயை உருவாக்கியது என்று வாதிட்டார். பொங்கலையும் ஜப்பானின் தைமாதச் சிறு புத்தாண்டையும் ஒப்பிட்டார். தமிழை அவர் நேசித்துக் கற்றதற்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும்.

ஆனால் தொல்லியல் அவர் முடிவுக்குத் துணை நிற்கவில்லை. ஆதிச்சநல்லூரிலும் கொந்தகையிலும் கிடைத்த தாழிகளைப் போல வடகியூஷூவிலும் தாழிகள் உண்டு என்பது மெய். ஆயினும் முதல் வயல்களின் காலத்தில் அங்கே பெரியவர்களைக் கல்திட்டையிலும் மரப்பெட்டியிலும் புதைத்தார்கள். ஆளுயரத் தாழிகளை வாயோடு வாய் பொருத்திப் புதைப்பது சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, உள்ளூர்ச் சேமிப்புப் பானை படிப்படியாகப் பெருத்ததன் விளைவு. பயிரான நெல்லும் குளிர்தாங்கும் ஜப்போனிக்கா வகை. வீடு, கருவி, எலும்பு, மரபணு எதுவும் கொரியாவைத் தாண்டித் தெற்கே கைகாட்டவில்லை. பெரும்பாலான மொழியியலாளர்களும் அவர் கருத்தை ஏற்கவில்லை.

உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, அளவில் சிறியது. யாயோய்ச் சமாதிகளில் கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகளில் ஒரு பகுதி, கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்த இந்தோ-பசிபிக் வகை. அரிக்கமேட்டிலும் தென்கிழக்காசியப் பட்டறைகளிலும் செய்யப்பட்ட வகை அது. துறைமுகம் துறைமுகமாகப் பல கை மாறி அந்த மணிகள் கியூஷூ சேர்ந்திருக்கின்றன. யாரும் கப்பலேறி நெல் கொண்டுபோனதற்கு அது சான்றாகாது. தென்சீனக் கடல்வழி வணிகம் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்குச் சான்று.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஒரே இடம்தான் முடியும் என்றால் யோஷினொகரி வரலாற்றுப் பூங்கா. கோபுரமும் களஞ்சியமும் மீண்டும் கட்டப்பட்டுள்ளன, தலைவர் மேட்டின் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கலாம். ஃபுக்குவோக்கா வருபவர்கள் நகர அருங்காட்சியகத்தில் தங்க முத்திரையைப் பார்த்துவிட்டு, மறுநாள் இத்தாசுக்கேக்கும் கராத்சுவின் மத்சுரோ அருங்காட்சியகத்துக்கும் போகலாம்; நபத்தாக்கே வயல்கள் அங்கேதான். ஷிசுவோக்காவின் தோரோ அருங்காட்சியகம் குழந்தைகளோடு போக ஏற்றது. வெண்கலத்தில் ஆர்வமுள்ளவர்கள் ஷிமானேக்குப் போக வேண்டும்: கோஜின்தனி வாள்களும் கமோ-இவாகுரா மணிகளும் தேசியப் பொக்கிஷங்களாக இசுமோ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளன.